நாற்காலியில் உட்கார்ந்த தலைகள்

சவரத் தொழிலில் என்ன செய்ய வேண்டும் என்பதை மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். என்ன செய்யக்கூடாது என்பதைக் கற்கத்தான் ஆயுள் போதாது.

கடல் தாண்டி வந்து, தெரிந்த தொழிலையே தெரியாதவனைப் போலச் செய்துகொண்டு திருதிருவென்று விழித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் வந்தவர், ரயில் பாதை போட வந்தவர், துணி வெளுக்க வந்தவர் என்று எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். என் கதை தலைகளைப் பற்றியது. ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கற்பாலம் வராத காலம். அக்கரை போக வேண்டுமென்றால் படகுதான். இந்தக் கதையில் வருகிறவர்களில் பாதிப் பேர் பேசியது மலாய். எனக்குப் புரிந்த அளவில் தமிழில் எழுதுகிறேன். அப்போது எனக்கு எதுவுமே சரியாகப் புரிந்ததில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பெட்டிக்கு வந்த மரியாதை

ஜொகூர் பாருவில் படகுத்துறைக்குப் போகிற தெருவில் ஒரு சீனர் கோப்பிக்கடை வைத்திருந்தார். முதலாளி என்பதால் எல்லோரும் அவரைத் 'தவ்கே' என்றே கூப்பிடுவார்கள். கடைக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி அகல நடைபாதையில் எனக்கு இடம் கொடுத்தார். அதற்கு ஈடாக அவருக்கும் அவருடைய நான்கு மகன்களுக்கும் நான் முடி வெட்டிவிட வேண்டும். போதாதென்று, ஒரு கால் ஆடுகிற பழைய நாற்காலி ஒன்றையும் தூக்கிவந்து வைத்தார்.

அந்த நாற்காலியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே சவரம் என்றால் வீட்டுக் கொல்லைப்புறம் போய்க் குரல் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் வந்து குந்துவார். நானும் எதிரே குந்துவேன். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து வேலை செய்தே பழக்கம். என் அப்பா இருந்தவரை அவரும் அப்படித்தான் செய்தார். நாற்காலியில் உட்கார்ந்த தலைக்கு எங்கிருந்து கத்தி வைப்பது? எனவே கத்தி, கண்ணாடி, கிண்ணம் எல்லாம் இருந்த என் பெட்டியை நாற்காலியில் வைத்தேன். முதல் வாடிக்கைக்காரராகப் பாக் டின் என்ற மலாய்ப் படகுக்காரர் வந்தார். தரையைக் காட்டினேன். மனிதர் மறுபேச்சில்லாமல் குந்தினார். நானும் குந்தினேன்.

பாதிச் சவரத்தில் அவருக்குக் கால் மரத்துப்போய்விட்டது. தூணைப் பிடித்து எழுந்து நின்று, என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு மனுசங்க தரையில, பெட்டி நாற்காலியில. உங்க ஊர்ல பெட்டிக்குத்தான் மரியாதையா?"

மறு கன்னம்

நாற்காலிக்குத் தலைகள் பழகி, நானும் நின்றுகொண்டே வேலை செய்யப் பழகிய பிறகு, ஓர் ஆவணி மாதத்தில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அப்போது எனக்கு எழுத்து வாசனை கிடையாது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் சாமுவேல் சாரிடம்தான் கொடுப்பேன். திருநெல்வேலிக் கிறிஸ்தவர், பொறுமைசாலி. அன்று அவர் நாற்காலியில் இருந்தார். நான் சவரம் செய்துகொண்டிருக்க, அவர் உரக்க வாசித்தார்.

எழுதியது எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர். நான் வந்த பிறகு ஊர்ச் சவரம் பார்த்துவந்த என் சித்தப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதாம். போன வாரம் பெரிய வீட்டுக்காரரின் காதிலேயே கத்தி பட்டுவிட்டதாம். 'தை பிறப்பதற்குள் நீ வந்து சேர வேண்டியது. தவறினால் உங்கள் குடும்பத்து முறை பக்கத்து ஊர்க்காரனுக்குப் போய்விடும்' என்று முடித்திருந்தார்.

முறை என்றால் சாதாரணமா? ஊரில் எந்தத் தலையானாலும் எங்கள் வீட்டுக் கத்திக்குத்தான் சொந்தம். தாத்தாவுக்கு முன்னாலிருந்தே அப்படி. சித்தப்பாவுக்கு மகள் வீடு இருக்கிறது, சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் முறை கைவிட்டுப் போனால் மனம் ஒடிந்துவிடுவார். அதை நினைத்தால் உடனே போக வேண்டும் போலிருந்தது. கொல்லைப்புறத்தில் நின்று குரல் கொடுப்பதை நினைத்தால் போகவே கூடாது போலிருந்தது. இப்படியும் அப்படியும் யோசித்துக்கொண்டு கத்தியோடு தெருவைப் பார்த்து எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. என்ன பதில் எழுதட்டும் என்று சாமுவேல் சார் இரண்டு தரம் கேட்டாராம். எனக்குக் காதில் விழவில்லை. கடைசியில் ரயிலின் ஊதல் கேட்டதும் பதறிப்போய்க் கத்தினார்: "ஊருக்குப் பதில் மெதுவா எழுதிக்கலாம்டே, முதல்ல நுரையோட காயுற என் மறு கன்னத்துக்கு ஒரு பதில் சொல்லு!"

வெட்டலாமா, வேண்டாமா

ஐப்பசியில் கோப்பிக்கடை முழுக்க ஒரே பேச்சு. சீனாவில் கலகமாம், ராஜா போகப்போகிறாராம். அந்த ராஜ வம்சத்தின் உத்தரவுப்படிதான் சீனர்கள் முன்தலையை மழித்துப் பின்னால் நீளச் சடை போட்டிருந்தார்கள். இதுவரை சடையை வெட்டினவன் ராஜாவுக்கு எதிரி. ராஜா போய்விட்டால் சடை வைத்திருக்கிறவன்தான் எதிரி. போவாரா மாட்டாரா என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஆ செங் என்ற காய்கறித் தோட்டக்காரர் வந்து உட்கார்ந்தார். இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை. "வெட்டு" என்றார். எனக்குக் கை வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவன் குடுமியை எடுக்கிறான் என்றால் அவன் சாமியாராகப் போகிறான் என்று அர்த்தம், இல்லாவிட்டால் ஊர் கூடித் தண்டித்திருக்கிறது என்று அர்த்தம். "வீட்டுல கேட்டுட்டீங்களா?" என்றேன். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். மறுநாள் வந்தார். கத்தரிக்கோலை எடுத்ததும், "இரு, சடை இல்லாம ஊருக்குப் போனா தலையை எடுத்துடுவாங்க" என்று மறுபடி எழுந்து போய்விட்டார். மூன்றாம் நாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயே சொல்லு, வெட்டலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

கேட்பதற்கு ஆள் பார்த்தாரே! ஒரு கடிதத்துக்குப் பதில் தெரியாமல் இரண்டு மாதமாக முழித்துக்கொண்டிருக்கிறவன் நான். எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அந்த உண்மை அவருக்கு எப்படிப் பட்டதோ, கண்ணை இறுக மூடிக்கொண்டு "வெட்டு!" என்று கத்தினார். வெட்டிவிட்டேன். சடையைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார், பின்கழுத்தைத் தடவினார், அழுதார். நானும் சேர்ந்து அழுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அந்தச் சிவப்புப் பொட்டலத்தோடு வந்து நின்றார். "ராத்திரி பூரா தூக்கம் இல்லை. ராஜா ஜெயிச்சிட்டா என்ன பண்றது? இதைத் திரும்ப ஒட்டத் தெரியுமா உனக்கு?"

தாய்மாமன் வரட்டும்

கார்த்திகையில் பாக் டின் தன் மகனுடைய பிள்ளைக்கு முதல் முடி எடுக்கக் கூப்பிட்டார். அவர் கம்பத்துக்குப் போனேன். கம்பம் என்றால் மலாய்க்காரர்களின் கிராமம். தென்னந்தோப்புக்கு நடுவே, தூண்கள் மேல் நிற்கிற பலகை வீடுகள். பாய் விரித்து உறவெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டுக்கறி மணக்கிறது. எல்லாம் நம் வீட்டு விசேஷம் போலவே இருந்ததால் நானும் நம் வீட்டு விசேஷம் என்றே நினைத்துக்கொண்டேன். பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். "தாய்மாமன் எங்கே? அவர் மடியில வச்சாத்தான் கத்தி எடுப்பேன்" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையின் தாய்மாமன் அக்கரையில் மரம் அறுக்கிற இடத்தில் வேலை. உடனே ஒரு படகு போயிற்று. பிள்ளை தூங்கி, எழுந்து, அழுது, மறுபடி தூங்கியது. நெய்ச்சோறு ஆறிப்போனது. வெகு நேரம் கழித்து ஒருவர் இடுப்பளவு ஈரத்தோடு ஓடிவந்தார். அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கரை வருமுன்பே படகிலிருந்து குதித்திருக்கிறார். அவரைப் பிடித்து உட்காரவைத்து, மடியில் பிள்ளையைக் கொடுத்து, நான் வேலையை முடித்தேன். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடி என்று ஒன்றே கிடையாது. தமிழ் நாவிதனுக்கு இப்படி ஏதோ ஒரு விரதம் இருக்கிறதென்று எண்ணி எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

வெட்கத்தோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். விசேஷ வீட்டில் எங்கள் இடம் அதுதான். எல்லோரும் சாப்பிட்ட பிறகு இலை வரும். ஆனால் பாக் டின் வீட்டைச் சுற்றித் தேடிக்கொண்டு வந்து, கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பாயில் உட்காரவைத்தார். ஒரே பந்தியில், எல்லோருக்கும் நடுவே உட்கார்ந்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. மிளகாய்க் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். பக்கத்தில் ஈரத்துணியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த தாய்மாமன் என் தொடையைத் தட்டிக் கேட்டார்: "எனக்கு இன்னும் மூணு தங்கச்சி இருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் இப்படி நீந்தி வரணுமா, இல்லை இது ஒண்ணோட போச்சா?"

பழனி எந்தப் பக்கம்?

மார்கழியில் சின்னச்சாமி என்ற ரப்பர்த் தோட்டத் தொழிலாளி வந்தார். மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது பழனிக்கு முடி நேர்ந்துகொண்டு நான்கு வருஷமாக வளர்த்துவருகிறார். போகத்தான் வழியில்லை. "இங்கேயே கடலோரமா எடுத்துடலாம்ணே, பழனியைப் பார்த்து உக்காந்துக்கிறேன். முருகன் ஏத்துக்குவாரா?" என்றார். ஏன் ஏற்றுக்கொள்ள மாட்டார் என்று தைரியம் சொல்லிக் கரைக்கு அழைத்துப்போனேன்.

போன பிறகுதான் சிக்கல். பழனி எந்தப் பக்கம்? சாமி காரியம், கிழக்குதான் என்றார் அவர். வடக்கு என்றேன் நான். நான் கப்பலின் அடித்தளத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தவன். எனக்கு என்ன திசை தெரியும்? முதுகைக் காட்டி உட்கார்ந்து மொட்டை போட்டால் முருகனுக்குக் கோபம் வராதா என்று சின்னச்சாமி நடுங்கினார். எனக்கு வேறு கவலை. ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமலா நான் நான்கு மாதமாகப் போவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்?

கொஞ்ச தூரத்தில் ஒரு மலாய்ப் பெரியவர் மீன்வலையை ஒதுக்கிவைத்துவிட்டுத் தொழுகைக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். இந்தியா எந்தப் பக்கம் என்று அவரிடம் கேட்டோம். மேற்கே, சற்று வடக்காகக் கையை நீட்டினார். கையைக் கீழே இறக்காமலே, "நானும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் உக்காரப்போறேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு" என்றார்.

கொல்லைப்புறம் எங்கே?

தை பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. அப்போது கூலாய் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குக் கிராணியாக, அதாவது பேரேடு எழுதும் வேலைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கடிதம் எழுதிய பெரிய வீட்டுக்காரரின் மகன். நாங்கள் சின்னையா என்று கூப்பிடுவோம். அடுத்த கப்பலில் என்னைக் கையோடு ஏற்றிவிடச் சொல்லி அப்பாவிடமிருந்து அவருக்கு உத்தரவு. கூடவே மூன்று வாரத் தாடி. "முதல்ல சவரம், அப்புறம் பேச்சு. கொல்லைப்புறம் எங்கடா?" என்றார்.

கடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற சந்துதான் உண்டு. சொல்வதற்குள் அவர் அங்கே போய்க் குந்திவிட்டார். நானும் பின்னாலேயே போனேன். என் முழங்கால் தானாக மடங்கியது. நாலு பேருக்கு நடுவே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். அப்படியும் மடங்கிவிட்டதே என்று அவமானமாக இருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் எடுப்பதற்குள் தவ்கேயின் மனைவி மீன் கழுவிய தண்ணீரைச் சன்னல் வழியாக வீசினாள். சின்னையா மேல் பாதி, என் மேல் பாதி. எட்டிப் பார்த்தவள், "அலமாக், ஐயோ! அங்க என்ன ஒளிஞ்சு விளையாடுறீங்க?" என்று எங்களையே திட்டினாள்.

முன்பக்கம் வந்தோம். பெஞ்சில் ஒரு சீன மூட்டைக்கூலியும் ஒரு மலாய்ப் போலீஸ்காரரும் காத்திருந்தார்கள். "இவங்களை அப்புறம் வரச்சொல்லு" என்றார் சின்னையா. நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து தவ்கேயின் குரல் வந்தது, வரிசைதான் என்று. சின்னையா உட்கார்ந்தார். மீன் வாடையோடு, மூட்டைக்கூலிக்கும் போலீஸ்காரருக்கும் அடுத்ததாக, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு தலைகளையும் ஒவ்வொன்றாக முடித்தேன்.

பிறகு அவர் நாற்காலிக்கு வந்தார். மீசை அரும்பிய நாளிலிருந்து எதிரே குந்திச் சவரம் செய்த முகம். உச்சந்தலையை மேலிருந்து பார்த்தது அன்றுதான். சுழி கொஞ்சம் கோணல். இருபத்திரண்டு வயது, ஊர் புதிது, வேலை புதிது, கழுத்தில் பயம் தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

"என்ன முடிவு பண்ணினே?" என்றார் கண்ணாடியைப் பார்த்து.

"யோசிச்சுக்கிட்டே இருக்கேன் சின்னையா."

"எத்தனை நாளா?"

"ஆவணியிலேருந்து."

சவரம் முடிந்தது. கன்னத்தைத் தடவிப் பார்த்தார். தவ்கே கொண்டுவந்து வைத்த கோப்பியைக் குடித்தார். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு வண்டிக்காரர் தன் முறைக்காக இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னையா குரலைத் தாழ்த்தினார்.

"மருதமுத்து, நான் கூலிக்காரனுக்குப் பின்னால வரிசையில உக்காந்தது, நடுத்தெருவுல நாற்காலி போட்டுச் சவரம் பண்ணிக்கிட்டது, இதெல்லாம் ஊர்ல போய் வாயைத் திறந்துடாதே."

நான்கு மாதமாக வராத பதில் அப்போது வந்துவிட்டது. "நான் ஊருக்குப் போனாத்தானே சின்னையா சொல்றதுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சித்தப்பா முகம் கண்ணில் வந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வாய் வரவில்லை. துண்டை உதற மறந்து அப்படியே நின்றேன். சின்னையா எழுந்து, கண்ணாடியில் இன்னொரு தரம் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நாற்காலியின் ஆடுகிற காலை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தேடிப் பார்த்தேன், மருதமுத்துன்னு இந்த ஊர்ல யாரும் இல்லைன்னு அப்பாவுக்கு எழுதிடறேன். அடுத்த வாரம் நான் எப்ப வரட்டும்?"

அன்றிலிருந்து இருபது வருஷமாக எங்கள் ஊரைப் பொறுத்தவரை நான் காணாமல் போனவன். என்னைத் தேடிக் கப்பலேறி வந்தவர்கள் அத்தனை பேருக்கும் முடி வெட்டி அனுப்பியவனும் நானேதான்.